மீன் நோயுறும் முன் தொட்டியில் நடப்பது

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நோயை முதன்முதலில் சந்திப்பது ஒரு வெள்ளைப் புள்ளியின் வடிவில்தான். நேற்று இரவு வரை துள்ளித் திரிந்த மீனின் வாலில் இன்று காலை உப்புக்கல் ஒட்டியதுபோல் ஒரு புள்ளி தெரிகிறது. மாலைக்குள் அது மூன்றாகிறது. மறுநாள் பக்கத்து மீனிலும் தெரிகிறது. கை உடனே மருந்துக் குப்பியைத் தேடுகிறது. மருந்து தேவைப்படவும் கூடும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டு மாதமாக எட்டிப் பார்க்காத நோய் இந்த வாரம் ஏன் வந்தது? கடந்த பத்து நாட்களில் தொட்டிக்கு என்ன நேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அங்கே நேர்ந்ததற்கும் இங்கே தெரியும் புள்ளிக்கும் நடுவில் நிற்பதைத்தான் மீன் வளர்ப்போர் ‘ஸ்ட்ரெஸ்’ என்கின்றனர்.

இச்சொல்லைத் தமிழில் ‘மன அழுத்தம்’ என்று எழுதுவது வழக்கம். மீனைப் பொறுத்தவரை அந்த மொழிபெயர்ப்பு வாசகரைச் சற்றே திசை திருப்பிவிடும். மீனுக்கும் அச்சம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆயினும் இங்கு நாம் பேசப்போவது அதன் இரத்தத்திலும் செவுளிலும் சிறுநீரகத்திலும் நடக்கின்ற, அளந்து பார்க்கக்கூடிய மாற்றங்களைப் பற்றி. ஆகவே இக்கட்டுரையில் வெறுமனே ‘அழுத்தம்’ என்றே எழுதுகிறேன்.

வலையில் சிக்கிய மீனின் உடலுக்குள்

தொட்டிக்குள் வலையை விட்டு ஒரு மீனைத் துரத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். துரத்தத் தொடங்கிய சில நொடிகளிலேயே அட்ரினலின் அதன் இரத்தத்தில் கலக்கிறது. சில நிமிடங்களில் கார்டிசால் என்ற மற்றொரு ஹார்மோன் உயர்கிறது. நமக்குச் சிறுநீரகத்தின் மேல் அட்ரினல் சுரப்பி தனியாக அமர்ந்திருப்பதுபோல் எலும்பு மீன்களுக்கு இல்லை. தலையை ஒட்டிய சிறுநீரகப் பகுதியில் பரவிக் கிடக்கும் செல்களே அந்த வேலையைச் செய்கின்றன. இந்தக் கார்டிசாலில் ஒரு பங்கு செவுள் வழியே தண்ணீரிலும் கசிவதால், மீனைத் தொடாமலே, அது நீந்திய நீரைச் சோதித்து அழுத்தத்தின் அளவை ஆய்வாளர்களால் மதிப்பிட முடிகிறது.

இரு ஹார்மோன்களும் சேர்ந்து உடலை ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இதயம் வலுவாக அடிக்கிறது, செவுள்களுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம், நோய் எதிர்ப்பு ஆகிய நீண்டகால வேலைகள் தள்ளி வைக்கப்படுகின்றன. பெரிய மீனிடமிருந்து தப்பியோட இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது. ஐந்து நிமிடத்தில் ஆபத்து விலகிவிட்டால் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹார்மோன் ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936-ஆம் ஆண்டில் எலிகளை வைத்து இத்தகைய எதிர்வினையை விவரித்தபோது அதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் அதிர்ச்சி, பிறகு தாக்குப்பிடித்தல், இறுதியில் சோர்ந்து விழுதல். மீன் வளர்ப்பவரை ஏமாற்றுவது நடுவில் உள்ள கட்டம். தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் மீன் தின்னும், நீந்தும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதற்காக அது தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருப்பது வெளியே தெரியாது.

உப்பும் நீரும்: ஓயாத கணக்கு

அழுத்தம் மீனை ஏன் இவ்வளவு விரைவாகக் கவிழ்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, நன்னீர் மீன் ஒவ்வொரு நொடியும் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்க நிலை விளக்கங்களில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. என் கருத்தில் மற்ற அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

நன்னீர் மீனின் இரத்தம் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைந்த நீருக்கு நிகரான செறிவுடையது. அதைச் சுற்றியுள்ள தண்ணீரிலோ அதில் இருபதில் ஒரு பங்கு கூட இராது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் புகுவது இயற்கை என்பதால், செவுளின் மெல்லிய சவ்வு வழியே தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். உப்பு வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் அமர்ந்து நீரை இறைத்துக் கொட்டுபவனைப்போல், மீன் நீர்த்த சிறுநீரைப் பெருமளவில் வெளியேற்றியும், செவுளிலுள்ள சிறப்புச் செல்களின் மூலம் தண்ணீரிலிருந்து உப்பை மீண்டும் உறிஞ்சியும் இதைச் சரிக்கட்டுகிறது. இதற்குத் தொடர்ந்து ஆற்றல் செலவாகிறது.

அழுத்தம் வந்ததும் ஆக்சிஜனை அதிகம் பெறுவதற்காகச் செவுளில் இரத்த ஓட்டம் பெருகுகிறது, சவ்வின் ஊடுருவும் தன்மையும் கூடுகிறது. ஆக்சிஜன் வரும் வாயில் அகலத் திறக்கும்போது நீர் புகும் வாயிலும் சேர்ந்தே திறக்கிறது. படகின் ஓட்டை பெரிதாகிவிட்டது. இடம் மாற்றிய மீன் அன்றைக்கு நன்றாக நீந்திவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து இறப்பதை அனுபவமுள்ளவர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். வெளிக்காயம் எதுவும் இல்லாத அத்தகைய இறப்புகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த உப்புக் கசிவு இருக்கிறது. மீன் ஏற்றிச் செல்பவர்கள் தண்ணீரில் சிறிது உப்பு சேர்ப்பதும் இதனால்தான்: வெளியிலும் உப்பு இருந்தால் கசிவு குறைகிறது, இறைக்கும் வேலை இலகுவாகிறது.

மீனின் மேல் வழவழப்பாக உள்ள கோழைப்படலமும் இந்தக் கணக்கில் சேரும். அது நீர் புகுவதைத் தடுக்கும் உறை மட்டுமன்று. கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் போன்ற நொதிகளும் எதிர்ப்புரதங்களும் அதில் உள்ளன. கிருமி ஒட்டினால் மீன் அந்தப் படலத்தை உதிர்த்துப் புதிதாகச் சுரந்துகொள்கிறது. முடிச்சு உள்ள கரடுமுரடான வலை, உலர்ந்த கை, கூரான அலங்காரக் கல் ஆகியவை படலத்தைக் கீறிவிட்டால் அந்த இடம் வாயிற்காவலன் இல்லாத வாசலாகிறது. இதே நேரத்தில் தொடர்ந்து உயர்ந்திருக்கும் கார்டிசால் இரத்தத்திலுள்ள நிணநீர்ச் செல்களைக் குறைத்து உள்ளேயுள்ள காவலையும் தளர்த்திவிடுகிறது.

கிருமி எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் எங்கிருந்தும் வரவில்லை. துடுப்பு அழுகலுக்கும் புண்களுக்கும் காரணமாகும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் இருப்பவை. பஞ்சுபோல் படரும் சப்ரோலெக்னியா பூஞ்சையின் வித்துகளும் அப்படியே. அவற்றை முற்றிலும் ஒழிக்க முடியாது, ஒழிக்க வேண்டியதும் இல்லை. மீன்நோய் ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்னீஸ்கோ 1974-இல் இதை மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார். ஒன்று மீன், ஒன்று கிருமி, ஒன்று சுற்றுச்சூழல். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு பகுதியில் மட்டுமே நோய் தோன்றுகிறது. வீட்டுத் தொட்டியில் கிருமி வட்டத்தை நம்மால் ஓரளவுக்குத்தான் சுருக்க முடியும். சுற்றுச்சூழல் வட்டம் முழுவதும் நம் கையில் இருக்கிறது.

இதற்கு விலக்கு உண்டு. புதிய மீனுடன் வந்து சேரும் ஒட்டுண்ணிகளும் சில வைரஸ்களும் திடமான மீனையும் வீழ்த்தக்கூடியவை. ஆகவே ‘எல்லாம் அழுத்தத்தால்தான்’ என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு.

தண்ணீரில் கரைந்திருக்கும் அழுத்தம்

அழுத்தம் தரும் காரணங்களைப் பட்டியலிட்டால் நீளும். ஆனால் அவற்றின் எடை சமமானதன்று. வீட்டுத் தொட்டிகளைப் பொறுத்தவரை அம்மோனியா ஒன்றே மற்ற பலவற்றைவிடக் கனமானது.

மீன் தன் புரதக் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய உணவும் எச்சமும் அழுகி இன்னும் சேர்க்கின்றன. ஆற்றில் இது அடித்துச் செல்லப்படும், தொட்டியில் தங்கிவிடும். வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக்கற்களின் மேலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டு படிகளுக்கும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் தேவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இரண்டையும் தனியே முடிக்கவல்ல நைட்ரோஸ்பைரா வகைகள் உண்டு என்பது 2015-இல் தெரியவந்தது. எந்த வகையாயினும் புதிய தொட்டியில் இந்தக் குடியேற்றம் நிறைவடையப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. தொட்டி வாங்கிய அன்றே மீனும் விடுவதால் வரும் இழப்புகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் நிகழ்பவை.

அம்மோனியா செவுளின் மெல்லிய இழைகளைத் தடிக்கச் செய்கிறது. மூச்சும் உப்புக் கணக்கும் ஒருங்கே கெடுகின்றன. நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவுக்கு மாற்றுகிறது; இரத்தமே பழுப்பு நிறமாகிவிடும். தண்ணீரில் காற்று நிறைந்திருந்தும் மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிப்பதற்கு இது ஒரு காரணம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் புகும் அதே வழியில் போட்டியிட்டு அதைத் தடுக்கிறது.

அம்மோனியாவைப் பற்றி இன்னொரு நுட்பமும் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பல புதிர்கள் அவிழும். தண்ணீரில் அது இரு வடிவங்களில் இருக்கிறது: நஞ்சான அம்மோனியா, ஏறக்குறையத் தீங்கற்ற அம்மோனியம். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச்., அதாவது அதன் அமில-காரத் தன்மையின் அளவு, தீர்மானிக்கிறது. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 விழுக்காடுதான் நஞ்சு வடிவம், பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சோதனைக் குழாயில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் சாவதும் மற்றொன்றில் பிழைப்பதும் இதனால் நேரலாம்.

நீண்ட பயணம் செய்து வந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொள்வோம். மூடிய பைக்குள் மீன் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்ந்தே வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. கரியமில வாயு தண்ணீரின் பி.எச். அளவைக் கீழே இறக்குவதால் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. பையின் கட்டை அவிழ்த்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அடைபட்டது நஞ்சாகத் தொடங்குகிறது. பல மணி நேரம் பயணித்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தொட்டி நீரைச் சேர்ப்பது பொறுமையின் அடையாளமாகத் தோன்றினாலும் மீனுக்கு அது நன்மையாக அமைவதில்லை. மூடிய பையைப் பதினைந்து இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, திறந்தபின் சிறிது நேரத்திலேயே மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, பை நீரைக் கொட்டிவிடுவதே நான் பின்பற்றும் முறை. அரை மணி நேரத் தொலைவிலிருந்து வந்த மீனுக்கு இந்த அவசரம் வேண்டியதில்லை. அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைக் கலப்பதே நல்லது.

கவனிக்காமல் விட்ட பழைய தொட்டியிலும் இதே வேதியியல் வேலை செய்கிறது. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகி, தண்ணீரிலுள்ள காரத்தன்மையைத் தின்றுகொண்டே வருகிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.எச். 6-க்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகிறது, சேரும் அம்மோனியா தீங்கற்ற வடிவில் குவிகிறது. பழைய மீன்கள் மெல்ல மெல்ல இதற்குப் பழகிவிட்டதால் நலமாகவே தோன்றும். ஒருநாள் உரிமையாளருக்கு மனம் உறுத்தி, முக்கால் தொட்டி நீரை ஒரேயடியாக மாற்றுகிறார். பி.எச். திடீரென்று ஏறுகிறது, குவிந்ததெல்லாம் நஞ்சாகிறது. ‘நல்ல தண்ணீர் விட்டதும் மீன் செத்துவிட்டது’ என்று அவர் சொல்வது உண்மைதான். அத்தகைய தொட்டிக்கு நாளொன்றுக்குப் பத்து விழுக்காடு என்று ஓரிரு வாரம் மாற்றுவதே பாதுகாப்பு.

நானும் இப்படியொரு தவற்றைச் செய்தவன். கப்பி மீன்கள் இருந்த 40 லிட்டர் தொட்டியை ஒரு விடுமுறை நாளில் ‘சுத்தமாக’ வைக்க நினைத்து, வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் வெள்ளை வெளேரென்று ஆகும் வரை பிழிந்து கழுவினேன். சரளைக்கற்களையும் கொட்டி அலசினேன். தொட்டி கண்ணாடிபோல் மின்னியது. ஐந்தாம் நாள் காலை மீன்கள் அனைத்தும் மேற்பரப்பில் நின்றன. மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியாச் சோதனை அடர் பச்சையைக் காட்டியது. அவசரமாகத் தண்ணீர் மாற்றியதில் அவை பிழைத்தன. ஆனால் இரண்டு வாரம் கழித்து, சோதனை முடிவுகள் எல்லாம் சரியாகிவிட்ட பிறகு, இரண்டு ஆண் மீன்களின் வால் விளிம்பு வெளுத்துக் கிழியத் தொடங்கியது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு நாள் இடைவெளி இருந்ததால், பஞ்சைக் கழுவியதோடு அதைத் தொடர்புபடுத்த எனக்கு நெடுநாள் பிடித்தது. இப்போதெல்லாம் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிகிறேன்; கற்களில் ஒரு பாதியை ஒரு முறையும் மறுபாதியை மறுமுறையும் சைஃபன் குழாயால் சுத்தம் செய்கிறேன்.

வெப்பம், குளோரின், கூட்டாளிகள்

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம். வெப்பம் கூடும்போது மீனின் ஆக்சிஜன் தேவையோ ஏறுகிறது. மறுபுறம், குளிர்ந்துபோனால் மீனின் நோய் எதிர்ப்பு மந்தமாகிறது, ஏனெனில் அதன் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பமே. நிலையாகச் சற்றுக் குறைவாக இருப்பதைவிட, பகலும் இரவும் பல டிகிரி ஏறி இறங்குவதே மோசமானது. சிறிய தொட்டிகளில் இது எளிதில் நேர்கிறது.

குழாய் நீரிலுள்ள குளோரின் செவுளை நேரடியாக எரிக்கிறது. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் ஆவியாகிவிடும். குளோரமைன் அப்படிப் போகாது, அதற்குக் குளோரின் நீக்கி மருந்து வேண்டும். வாளியில் ஒரு நாள் வைத்த தண்ணீர் எப்போதும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அதனால்தான் சில இடங்களில் பலித்து, சில இடங்களில் பொய்க்கிறது.

கூட்டாளிகளைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நியான் டெட்ரா கூட்டமாக வாழும் மீன். இரண்டே இரண்டை விட்டால் அவை ஓயாமல் மிரண்டுகொண்டிருக்கும், ஆறுக்கு மேல் விட்டால்தான் அடங்கும். ஃபைட்டர் ஆண் மீனுக்கு இன்னொரு ஆணின் முகமே போதும், கண்ணாடியில் தெரியும் தன் முகமும் போதும். தங்கமீன் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அதைக் கிண்ணத்தில் வைப்பதை எவ்வளவு நயமாகச் சொன்னாலும் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும்.

மீன் காட்டும் குறிகள்

நோய்க்குறிகள் தோன்றும் முன் நடத்தைக்குறிகள் தோன்றும். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடித்துக்கொள்ளுதல், நிறம் மங்குதல், மூலையில் தங்குதல், செவுள் மூடி வேகமாக அடித்தல், கல்லிலோ செடியிலோ உடலைத் தேய்த்துக்கொண்டு பளிச்சென்று திரும்புதல், உணவை வாயில் வாங்கித் துப்புதல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. எல்லா மீனும் ஒரே நாளில் மாறினால் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே மீன் மட்டும் மாறினால் சண்டை, காயம் அல்லது நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

வீணான அச்சங்களும் உண்டு. ஃபைட்டரும் குராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு; அவற்றுக்கு அதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. கோரிடோராஸ் மீன் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொண்டு அடியில் இறங்குவதும் அப்படியே. நியான் டெட்ராக்கள் இரவில் நிறம் மங்கிப்போகும். விளக்கைப் போட்ட உடனே பார்த்துவிட்டுப் பதறுபவர்கள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் உணவு போடும்போது இரண்டு நிமிடம் நின்று பார்ப்பவருக்கு, தன் மீனின் இயல்பு எது, மாறுபாடு எது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

வெள்ளைப் புள்ளிக்குள்

முதலில் சொன்ன புள்ளிக்குத் திரும்புவோம். அது இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘இச்’ என்பர். நாம் காணும் வெண்புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று பருத்த ஒரு செல். ஒரு மில்லிமீட்டர் வரை வளர்வதால்தான் அது வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. தோல் அதன் மேல் மூடியிருப்பதால் தண்ணீரில் விடும் மருந்து அதைத் தொடுவதில்லை. முதிர்ந்ததும் அது தோலைவிட்டு வெளியேறி, அடியில் இறங்கி ஏதாவதொரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, உறை கட்டி, உள்ளேயே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. உறை வெடித்து வெளிவரும் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லையேல் சாகும். மருந்து கொல்வது நீந்தித் திரியும் இந்தப் பருவத்தை மட்டுமே.

இந்தச் சுழற்சி 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிகிறது. குளிர்ந்த நீரில் பல வாரம் இழுக்கிறது. வெப்பத்தை மெல்ல உயர்த்துமாறு சொல்லப்படுவது சுழற்சியை விரைவுபடுத்தி ஒட்டுண்ணியைச் சீக்கிரம் வெளியே வரவழைப்பதற்காகத்தான். அப்போது ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்பையும் கூட்ட வேண்டும். குளிர்நீர் மீனான தங்கமீனுக்கு இந்த வழி அவ்வளவு ஏற்றதன்று. மூன்றாம் நாள் புள்ளிகள் உதிர்ந்து மீன் தெளிவாகத் தெரிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவது மிகப் பரவலான தவறு. புள்ளிகள் மறைந்தன என்றால் அவை அடியில் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

ஒருமுறை இந்நோயிலிருந்து மீண்ட மீன் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகிறது. செவுளின் உள்ளே, நம் கண்ணுக்குப் படாமல், ஓரிரு ஒட்டுண்ணிகள் மட்டும் தொடர்ந்து வாழவும் கூடும். அழுத்தத்தால் எதிர்ப்பு தளரும்போது அந்த ஓரிரண்டு நூறாகின்றன. புதிய மீன் எதுவும் சேர்க்காத தொட்டியில் வெள்ளைப் புள்ளி மீண்டும் தோன்றுவது இவ்வாறுதான்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாயைச் சுற்றிப் பஞ்சுபோல் தோன்றுவதெல்லாம் பூஞ்சையன்று. கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் அப்படித் தெரியும், அது வேகமானது, வெதுவெதுப்பில் இன்னும் வேகமாகப் பரவும். ஆகவே வெள்ளையாக எதைக் கண்டாலும் ஹீட்டரை உயர்த்துவது ஆபத்து. வயிறு வீங்கிச் செதில்கள் விரிந்து நிற்கும் ‘டிராப்ஸி’ ஒரு தனி நோயின் பெயரன்று. சிறுநீரகம் தோற்று, உள்ளே புகும் நீரை இறைக்க முடியாமல் போன நிலை அது. படகு மூழ்கிக்கொண்டிருக்கிறது, அந்தக் கட்டத்தில் மீட்சி அரிது. மெலிந்து, முதுகு வளைந்து, மெல்லச் சாகும் மீன்களில் மைக்கோபாக்டீரியம் இருக்கக்கூடும். அதில் ஒரு வகை கைக்காயம் வழியே மனிதர் தோலிலும் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது உறை அணிவதும், சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்காமல் இருப்பதும் நல்லது.

என்ன செய்வது, எந்த வரிசையில்?

முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்: அம்மோனியா, நைட்ரைட், பி.எச்., வெப்பம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டியவை. கையில் சோதனைப் பொருள் இல்லையென்றால், மாதக்கணக்கில் கவனிக்கப்படாத தொட்டியைத் தவிர மற்றவற்றில், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, குளோரின் நீக்கி அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்த தண்ணீரை மாற்றினால் பெரும்பாலும் நன்மையே. ஏர் பம்பைக் கூட்டி, விளக்கை அணைத்து, ஒரு நாள் உணவை நிறுத்தலாம். ஒரு நாள் பட்டினி மீனுக்குப் பொருட்டில்லை, தண்ணீருக்கோ பெரிய ஓய்வு. நோய் இன்னதென்று ஓரளவு உறுதியான பிறகே மருந்துக்குப் போக வேண்டும்.

உப்பு எளிய துணை. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை, ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு நாளில் பகுதி பகுதியாகக் கரைத்துச் சேர்க்கலாம். செடிகள் நிறைந்த தொட்டிக்கும் கோரிடோராஸ் போன்ற மீன்களுக்கும் குறைந்த அளவே தகும். உப்பு ஆவியாவதில்லை, தண்ணீர் மாற்றும்போது மட்டுமே குறையும். ஆவியான நீரை ஈடுசெய்யும் ஒவ்வொரு முறையும் மறுபடி உப்பு சேர்ப்பவர் தம்மை அறியாமலே அளவைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

மருந்து விடும்போது வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் கரி மருந்தை உறிஞ்சிவிடும். தாமிரம் உள்ள மருந்து இறால்களையும் நத்தைகளையும் கொன்றுவிடும். நோய் தெரியாமல் நுண்ணுயிர்க்கொல்லி விடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அது வடிகட்டியின் நுண்ணுயிர்களையும் தாக்கலாம், பழகிப்போன கிருமிகளையும் வளர்க்கும். இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலப்பது நோயோடு போராடும் மீனின் மேல் மற்றொரு அழுத்தத்தை ஏற்றுவதாகும். எந்த மருந்தாயினும் முடிந்த பின் ஒரு வாரம் அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிய மீன்களை இரண்டு முதல் நான்கு வாரம் தனியே வைப்பது, மேலே சொன்ன பலவற்றைத் தேவையற்றதாக்கிவிடும். அதற்கு ஒரு சிறு தொட்டி, பஞ்சு வடிகட்டி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, தனி வலை போதும். அந்தப் பஞ்சை எப்போதும் பெரிய தொட்டியிலேயே ஊறவிட்டிருந்தால் நுண்ணுயிர்கள் அதில் முன்பே குடியேறியிருக்கும். இங்கே நோய் தோன்றினால் பத்து லிட்டர் தண்ணீருக்கு மருந்து விட்டால் போதும். பயணத்தால் உண்டான அழுத்தமும், புதிய கூட்டாளிகளால் உண்டாகும் அழுத்தமும் ஒரே நாளில் மீனின் மேல் விழாமல் பிரிந்துபோவது இதன் இன்னொரு நன்மை.

தொட்டிக்கு அடியில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தண்ணீர் மாற்றிய நாள், புதிய மீன், புதிய உணவு, மின்தடை, வெப்பம் என்று ஓரிரு சொற்களில் எழுதுவதுண்டு. மீன் நோயுற்றால் முதலில் அதைத்தான் புரட்டுகிறேன். அண்மையில் புரட்டியபோது கண்ட பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. “செவ்வாய்: 30 விழுக்காடு நீர் மாற்றம், ஹீட்டரை மீண்டும் போட மறந்துவிட்டேன், புதன் காலை 21 டிகிரி.” அடுத்தது: “திங்கள்: ஏஞ்சல் மீனின் துடுப்பில் இரண்டு வெள்ளைப் புள்ளி.”